லப்டொப்புக்கு நீடித்த வொரண்டி: வன்னியில் காசு கட்டலாமா?

கிளிநொச்சியிலோ வவுனியாவிலோ முல்லைத்தீவிலோ லப்டொப் ஒன்றுக்கு விலை பேசி முடித்து, கடைக்காரர் பில் புத்தகத்தைக் கையில் எடுத்த பிறகுதான் நீடித்த வொரண்டியின் பேச்சு வரும். ஒரு வருடத்தோடு இன்னும் இரண்டு வருடம் சேர்த்துத் தரலாம், கொஞ்சக் காசு கூடக் கட்டினால் போதும் என்பார்கள். அந்த இடத்தில் நின்று யோசிக்க நேரமும் இல்லை, கையில் விவரமும் இல்லை. பிள்ளைக்குக் கம்பஸ் கிடைத்த சந்தோசத்தில் வந்து நிற்கிற பெற்றோர், பிறகு ஏதும் நடந்துவிட்டால் என்ற பயத்தில் கட்டிவிடுகிறார்கள். அது சிறிய தொகை அல்ல. பல வீடுகளில் மாதச் சாமான் செலவுக்குக் கிட்ட வரும்.

தீர்ப்பை முதலே சொல்லிவிடலாம். கடை தன் பில்லில் எழுதித் தருகிற நீடிப்புக்குக் காசு கட்ட வேண்டாம். தயாரிக்கிற கொம்பனி சீரியல் நம்பரோடு பதிந்து தருகிற நீடிப்பு சில மெஷின்களுக்கு மட்டும் பெறுமதியானது. விழுந்து உடைந்தாலும் பார்க்கிற காப்பு, தினமும் பஸ்ஸில் லப்டொப்பைக் காவிக்கொண்டு போகிற மாணவருக்கு உண்மையில் உதவும். மேசைக் கொம்பியூட்டருக்கு இவற்றில் எதுவுமே தேவையில்லை.

நீடித்த வொரண்டி என்ற ஒரே பெயரில் வேறு வேறு சரக்கு விற்கிறார்கள் என்பதால்தான் இப்படிப் பிரித்துச் சொல்ல வேண்டியிருக்கிறது. டெல், எச்பி, லெனோவோ போன்ற கொம்பனிகள் தாமே விற்பது ஒன்று. எச்பியில் இதைக் கேர் பேக் என்பார்கள். மெஷினின் நம்பரை அந்தக் கொம்பனியின் இணையத்தளத்தில் அடித்தால் முடிகிற திகதி அங்கேயே தெரியும். கடை மூடினாலும் அது அழியாது. இரண்டாவது, இறக்குமதி செய்கிற முகவரோ கடையோ தன் பொறுப்பில் தருவது. அது பில்லில் மட்டும் இருக்கும். கடை இருக்கும்வரைதான் அதற்கு உயிர். மூன்றாவது, தவணைக்குப் பொருள் கொடுக்கிற பெரிய காட்சியறைகள் ஃபிரிட்ஜ், ரீவி, லப்டொப் எல்லாவற்றுக்கும் ஒரே மாதிரி விலையில் இத்தனை சதவீதம் என்று சேர்ப்பது. தவணைப் பணத்துக்குள் இது கரைந்துவிடுவதால் பலருக்கு வாங்கியதே தெரியாது. வட்டியும் அதன் மேல் ஏறும். தவணைப் பத்திரத்தில் கையெழுத்து வைக்க முன், வொரண்டிக்கு எவ்வளவு என்று தனியாக எழுதிக் காட்டச் சொல்லுங்கள்.

இனிப் பில்லைத் திருப்பிப் பாருங்கள். அடியிலோ பின்பக்கத்திலோ பொடி எழுத்தில், ஆங்கிலத்தில், நாலைந்து வரி இருக்கும். இலங்கைக் கொம்பியூட்டர் கடைகளில் பெரும்பாலும் ஒரே வாசகம்தான் சுற்றி வருகிறது. உற்பத்திக் குறைபாட்டுக்கு மட்டுமே பொறுப்பு. கவனக்குறைவு, தவறான பாவனை, மின்னழுத்த ஏற்ற இறக்கம், மின்னல், வேறு இயற்கை அனர்த்தம், விபத்து இவற்றால் வந்த பழுதுக்குப் பொறுப்பில்லை. எரிந்த அடையாளமோ உடைவோ துருவோ இருந்தால் வொரண்டி இல்லை. பல பில்களில் இன்னொன்றும் இருக்கும்: ஒரு வருடம் என்றால் 350 நாள், இரண்டு வருடம் என்றால் 700 நாள், அல்லது ஒரு வருடத்தில் 14 வேலை நாள் குறைவு என்று எழுதியிருப்பார்கள். இரண்டும் ஏறத்தாழ ஒன்றுதான். திகதி பார்த்து ஒரு வருடம் முடிகிற அன்று கொண்டு போனால் இரண்டு கிழமை பிந்தியிருப்பீர்கள்.

நீடிப்பு வாங்கினாலும் இந்த வரிகள் மாறாது. நாள்தான் கூடும். இதை மனதில் வைத்துக்கொண்டு, வன்னியில் கொம்பியூட்டர்கள் எதனால் போகின்றன என்று பார்க்க வேண்டும்.

முதலாவது கரண்ட். இங்கே வீட்டுக்கு வர வேண்டியது 230 வோல்ட். அதில் 6 சதவீதம் கூடக் குறைய இருக்கலாம். ட்ரான்ஸ்போமரிலிருந்து தள்ளி, லைனின் கடைசியில் இருக்கிற வீடுகளில் தண்ணி மோட்டர்கள் ஓடுகிற நேரம் அது நன்றாக இறங்கும். லப்டொப்புக்கு இறக்கம் பெரிய பிரச்சினை அல்ல. சார்ஜரின் முதுகில் பாருங்கள், 100–240 வோல்ட் என்று இருக்கும். 170க்கு இறங்கினாலும் அது வேலை செய்யும். ஆபத்து ஏற்றத்தில் இருக்கிறது. கரண்ட் போய்த் திரும்பி வருகிற அந்த நொடியில் வருகிற துள்ளல் ஒன்று. அதைவிட மோசமானது, மூன்று பேஸ் லைனில் நியூட்ரல் கம்பி கழன்று போவது. அப்போது சில வீடுகளுக்கு 230 வர வேண்டிய இடத்தில் 400 வோல்ட்டை நோக்கி ஏறும். பல்புகள் கண்ணைக் குத்துகிற மாதிரி எரிந்து அணைந்தால் காரணம் பெரும்பாலும் இதுதான். மெயின் சுவிட்சை உடனே நிற்பாட்ட வேண்டும்.

அதோடு மின்னல். இரண்டு பருவக்காற்றுகளுக்கும் இடைப்பட்ட மார்ச், ஏப்ரல் மாதங்களிலும் ஒக்டோபர், நவம்பர் மாதங்களிலும் இலங்கையில் இடி மின்னல் கூட. வயல்வெளியில் தனியே நிற்கிற வீட்டுக்கு நீண்ட கம்பியில் கரண்ட் வருகிறது. பழைய செம்புக்கம்பி ரெலிபோன் லைன் இருந்தால் அதுவும் மின்னலைக் கொண்டுவரும். சார்ஜரைக் கழற்றிவிட்டு இன்டர்நெட் வருகிற லேன் வயரைக் கழற்றாமல் விட்டு, லேன் போர்ட்டோடு மதர்போட் (மெஷினின் தாய்ப்பலகை) போன மெஷின்கள் திருத்துகிற மேசைக்கு அடிக்கடி வருகிற சாமான்.

இப்படிப் போன மெஷினைத் திறந்தால் என்ன தெரியும்? சார்ஜர் ஊசி செருகுகிற துவாரத்துக்குப் பக்கத்தில், மதர்போட்டின் அந்த மூலையில், கரண்டைத் திறந்து மூடுகிற, மிளகளவில் கறுப்பு நிறச் சில்லுகள், மொஸ்ஃபெட்கள் என்பார்கள், இரண்டு மூன்று வரிசையாக இருக்கும். அதில் ஒன்றின் முதுகில் ஊசி குத்திய மாதிரி ஒரு புள்ளி, சுற்றிவர மண்ணிறக் கறை, மூக்கில் பிடிக்கிற கருகல் மணம். அவ்வளவுதான். அந்தப் புள்ளியைத்தான் பில் எரிந்த அடையாளம் என்கிறது. மின்னல் இல்லாத மாதத்தில், நல்ல கரண்டில், அந்த மொஸ்ஃபெட் தன் குறைபாட்டாலேயே எரிந்திருக்கலாம், அப்படியும் நடக்கும். ஆனால் எரிந்த அடையாளம் இருந்தால் வொரண்டி இல்லை என்று எழுதியிருக்கும்போது, காரணத்தை நிரூபிக்கிற பாரம் உங்கள் தலையில் விழுகிறது. கடை வொரண்டியை வேண்டாம் என்று சொல்வதற்கு எங்களுக்கு இருக்கிற மிகப் பெரிய காரணம் இந்த ஒரு வரி.

அடுத்தது தூசு. கச்சான் காற்று அடிக்கிற மே முதல் செப்டெம்பர் வரை கிரவல் வீதிக் கரை வீடுகளில் செம்மண் தூசு எல்லாவற்றிலும் படியும். ஃபானுக்கும் வெளியே காற்றுப் போகிற செப்புத் தகட்டுக்கும் நடுவில் அது ஒரு கம்பளித் துண்டு போலத் திரண்டுவிடும். மெஷின் சூடாகி வேகம் குறையும், பிறகு தானாக நிற்கும். ஒன்றரை வருடத்துக்கு ஒருமுறையாவது திறந்து தூசு எடுத்து, பிராசசருக்குச் சூடு கடத்துகிற புதுப் பேஸ்ட் போட வேண்டும். மூன்று வருட வொரண்டியின் சிக்கல் இங்கே இருக்கிறது: அடியில் உள்ள ஸ்டிக்கரைக் கிழித்தால் வொரண்டி போச்சு என்று கடை சொல்லும், தூசு எடுப்பது பராமரிப்பு, வொரண்டிக்குள் வராது என்றும் அதே கடை சொல்லும். நீடிப்பு வாங்குவதாக இருந்தால், வருடத்துக்கு ஒருமுறை சேர்விஸ் யார் செய்வது, அதற்கு எவ்வளவு என்று பில்லிலேயே எழுதிக்கொள்ளுங்கள். டெல், எச்பி, லெனோவோ தங்கள் பல மொடல்களுக்குத் திறந்து திருத்துகிற கையேட்டை எல்லோரும் பார்க்கும்படி இணையத்தில் போட்டிருக்கின்றன. எந்தப் பாகத்தை வாடிக்கையாளரே மாற்றலாம் என்பதும் அதில் இருக்கும். கொம்பனி அனுமதிக்கிற வேலைக்குக் கடை ஸ்டிக்கர் தடை போடுகிறதா என்று வாங்கும்போதே கேளுங்கள்.

சின்ன எறும்பு சூடான இடத்தைத் தேடிக் கீபோட்டுக்குள்ளும் சார்ஜருக்குள்ளும் முட்டையோடு குடியேறும். யூபிஎஸ்ஸுக்குள் பல்லி புகுந்து இரண்டு முனைகளைத் தொட்டுச் செத்துக் கிடக்கும், யூபிஎஸ்ஸும் சேர்ந்து போயிருக்கும். முல்லைத்தீவு, கொக்கிளாய் மாதிரிக் கடற்கரைப் பக்கங்களில் உப்புக் காற்று கனெக்டர் ஊசிகளில் பச்சைப் பூச்சாய்ப் படியும். அது துரு, ஆகவே வொரண்டி இல்லை. வெள்ளத்தைப் பற்றிச் சொல்லவே தேவையில்லை. 2018 டிசம்பரில் கிளிநொச்சியிலும் முல்லைத்தீவிலும் வீடுகளுக்குள் தண்ணீர் வந்ததை யாரும் மறந்திருக்க மாட்டார்கள். அப்படி நனைந்த மெஷினை எந்த நீடித்த வொரண்டியும் ஏற்காது.

லப்டொப் மூடியின் பிணைச்சல் தனியாகப் பேச வேண்டிய விடயம். விலை குறைந்த லப்டொப்களில் பிணைச்சலின் ஸ்குரூக்கள் பிளாஸ்டிக்கில் பதித்த பித்தளைக் குமிழ்களில் இறங்கியிருக்கும். பிணைச்சல் இறுகினால், மூடியைத் திறக்கிற ஒவ்வொரு முறையும் அந்தக் குமிழ் பிளாஸ்டிக்கைப் பிளந்துகொண்டு வெளியே வரும். ஸ்கிரீனின் அடிமூலையில் சட்டம் வாய் பிளந்து நிற்பதுதான் முதல் அடையாளம். அது வடிவமைப்புக் குறை என்றுதான் திருத்துகிறவர்கள் எல்லோரும் சொல்வார்கள். வொரண்டி மேசையில் உடைவு என்று எழுதப்படும். ஒரு பக்க மூலையைப் பிடித்துத் திறக்காமல் மேல்விளிம்பின் நடுவில் பிடித்துத் திறந்தால் பிணைச்சல் பல வருடம் தாங்கும். வாய் பிளக்கத் தொடங்கிய கிழமையிலேயே படம் எடுத்து, எழுத்தில் முறையிட்டால் ஏற்றுக்கொள்கிற வாய்ப்பு உண்டு. முழுதாக உடைந்த பிறகு இல்லை.

இவை போக வொரண்டிக்குள் வருகிறவை எவை? எரியாமல் செத்துப் போன மதர்போட், திடீரென்று தெரியாமல் போன எஸ்எஸ்டி (கோப்புகளைச் சேமிக்கிற பாகம்), அடிபடாமல் கோடு விழுந்த ஸ்கிரீன், நனையாமல் வேலை செய்யாத கீபோட், சத்தம் போடுகிற ஃபான், வைஃபை, கமரா. இவற்றில் சில முதல் சில மாதங்களிலேயே காட்டிவிடும். பொருத்தும்போது இருந்த குறை பாவிக்கத் தொடங்கியதும் வெளியே வரும். அதைத் தாண்டிய மெஷின் பிறகு தேய்மானத்தில் மறுபடி பழுதாகத் தொடங்கும். முதல் வருடம் கொம்பனி இலவசமாகப் பார்க்கிறது. நீங்கள் காசு கட்டுவது இரண்டாம், மூன்றாம் வருடங்களுக்கு மட்டும். அந்த வருடங்களில் பற்றரி தேயும், ஆனால் அது பெரும்பாலான நீடிப்புகளில் சேர்வதே இல்லை. மூன்று வருட வொரண்டி உள்ள மெஷினிலும் பற்றரிக்கு ஒரு வருடம்தான் என்று சிறிய எழுத்தில் இருக்கும்.

கணக்குப் போட்டுப் பார்ப்போம். தொகைகள் உதாரணத்துக்குத்தான், உங்கள் பில்லில் உள்ளதைப் போட்டு மாற்றிக்கொள்ளுங்கள். லப்டொப் 220,000 ரூபா. இரண்டு வருட நீடிப்பு 26,000 ரூபா, ஏறத்தாழ 12 சதவீதம். புது மதர்போட் போட 70,000 ரூபா ஆகும் என்று வைப்போம். 26,000ஐ 70,000ஆல் பிரித்தால் 37 சதவீதம். அதாவது அந்த மொடலில் மூன்றில் ஒன்றுக்கு மேல் இரண்டு வருடத்துக்குள் போட் போகிறதென்றால்தான் நீங்கள் கட்டிய காசு சரிவரும். அப்படிப்பட்ட மொடலை வொரண்டியோடும் வாங்கக்கூடாது. அதோடு, யாழ்ப்பாணத்திலும் வவுனியாவிலும் போட்டை முழுதாக மாற்றாமல் அதில் பழுதான சில்லு ஒன்றை மட்டும் மாற்றித் தருகிற கைதேர்ந்த திருத்துநர்கள் இருக்கிறார்கள். அந்த வேலை 20,000 ரூபாவில் முடியுமானால் ஒரு பழுது வந்தாலும் 26,000 கட்டியவருக்கு நட்டம்தான்.

இந்தக் கணக்கு மாறுகிற இடம் ஒன்று உண்டு. மெல்லிய லப்டொப்கள் பலவற்றில் ரேம் என்ற மெமரிச் சில்லு போட்டோடு சேர்த்து ஒட்டப்பட்டிருக்கிறது. சிலவற்றில் எஸ்எஸ்டியும் அப்படியே. அதில் ரேம் சில்லு ஒன்று போனால் தனியே கழற்றிப் போட முடியாது, முழுப் போட்டும் போக வேண்டும், அந்தப் போட்டின் விலை மெஷின் விலையில் பாதியைத் தொடும். இப்படியான மெஷினுக்குக் கொம்பனியின் நீடிப்பு, மெஷின் விலையில் 8 சதவீதத்துக்குள் கிடைக்குமானால் வாங்குங்கள். வாங்க முன் மொடல் பெயரோடு கொம்பனியின் விவரத்தாளைத் தேடி, மெமரி என்ற வரியில் எத்தனை சொக்கெட், எவ்வளவு ஒட்டியது என்று பாருங்கள். கழற்றிப் போடுகிற ரேமும் எஸ்எஸ்டியும் உள்ள சாதாரண 15.6 அங்குல மெஷினுக்குப் பாகம் எங்கும் கிடைக்கும், நீடிப்பு வேண்டியதில்லை.

டொலரையும் நினைவில் வைக்க வேண்டும். 2022 மார்ச் தொடக்கத்தில் 200 ரூபா அளவில் இருந்த டொலர் மே மாதத்தில் 360ஐத் தொட்டது. அன்று கொம்பனி நீடிப்பு கையில் இருந்தவருக்குப் பாக விலை ஏற்றம் தலையில் விழவில்லை. நீடிப்புக்கு ஆதரவாகச் சொல்லக்கூடிய நியாயமான வாதம் இது. ஆனால் கடை வொரண்டியில் இந்தப் பாதுகாப்பு பெரும்பாலும் இராது. பாகம் கிடைக்காவிட்டால் தேய்மானம் கழித்து மிச்சத்துக்குக் கடையிலேயே வேறு பொருள் எடுக்கலாம் என்ற வரி இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் விலை ஏறுகிற பாரம் உங்களுடையதே.

தூரம் இன்னொரு செலவு. கொம்பனிகளின் அங்கீகரிக்கப்பட்ட சேர்விஸ் சென்டர்கள் பெரும்பாலும் கொழும்பில் இருக்கின்றன. கிளிநொச்சியிலிருந்து கொழும்பு 300 கிலோமீற்றருக்கு மேல். யாழ்ப்பாணம் 65 அளவில். புதுக்குடியிருப்பிலோ மல்லாவியிலோ இருக்கிற ஒருவர் கொண்டு போய்க் கொடுக்க ஒரு நாள், எடுத்து வர ஒரு நாள் இழக்கிறார். அடுத்த வேலை நாளில் வீட்டுக்கே வருவோம் என்று விற்கிற உயர்ந்த திட்டங்களிலும் அந்த வாக்குறுதி நகரங்களை மனதில் வைத்தது. உங்கள் ஊரின் பெயரைச் சொல்லி, ஆள் வருவாரா, எத்தனை நாளில், இல்லையென்றால் கூரியர் செலவு யாருடையது என்று எழுத்தில் கேளுங்கள். வட்ஸ்அப்பில் வருகிற பதிலும் எழுத்துத்தான், அழிக்காமல் வையுங்கள். கடைக்காரர் தானே பொறுப்பெடுத்து அனுப்பி எடுத்துத் தருவாரானால் அதற்குப் பெரிய மதிப்பு உண்டு. விலையில் 2,000, 3,000 கூடினாலும் அப்படியான உள்ளூர்க் கடையில் வாங்குவதே மேல்.

கடைக்காரர் முன் நின்று உடனே முடிவெடுக்க வேண்டியதில்லை என்பதும் பலருக்குத் தெரியாது. கொம்பனியின் சாதாரண நீடிப்பை முதல் வொரண்டி முடிய முன் பெரும்பாலும் சேர்க்க முடியும் என்பதே டெல், எச்பி, லெனோவோ மூன்றிலும் பொதுவான நடைமுறை. பத்து மாதம் பாவித்து, அந்த மெஷினின் குணத்தைப் பார்த்துவிட்டு முடிவெடுங்கள். இடையில் இரண்டு முறை பழுதாகி வந்த மெஷின் என்றால் கட்டாயம் சேருங்கள்; ஒரு குறையும் இல்லாவிட்டால் விட்டுவிடலாம். இணையத்தளத்தில் தெரிகிற தொடக்கத் திகதி, மெஷின் கொம்பனியை விட்டு வெளியேறிய திகதியாக இருந்து, நீங்கள் வாங்கியதற்கு மாதங்கள் முன்பே ஓடத் தொடங்கியிருக்கலாம். பில்லை அனுப்பினால் திருத்துவார்கள். வாங்கிய கிழமையிலேயே செய்ய வேண்டிய வேலை இது. டெல்லில் ஏழு எழுத்துச் சேர்விஸ் டேக், லெனோவோவில் எட்டு, எச்பியில் பத்து எழுத்துச் சீரியல் நம்பர், மெஷினின் அடியில் இருக்கும். பெட்டியில் உள்ளதும் மெஷினில் உள்ளதும் பில்லில் உள்ளதும் ஒன்றா என்று கடையிலேயே ஒப்பிடுங்கள். வெளிநாட்டிலிருந்து உறவினர் கொண்டுவந்து தந்த மெஷினுக்கு, வொரண்டி எந்த நாட்டுக்கு உரியது என்பதை அந்தத் தளத்தில் பார்த்த பிறகே மற்றதெல்லாம்.

விபத்துக் காப்பு இதிலிருந்து முற்றிலும் வேறு. விழுந்தது, தேநீர் ஊற்றுப்பட்டது, ஸ்கிரீன் வெடித்தது ஆகியவற்றை அது பார்க்கும். சில திட்டங்களில் மின்னழுத்தத் துள்ளலும் சேரும், எழுத்தில் உறுதி செய்துகொள்ளுங்கள். பெரும்பாலும் வாங்கிய தொடக்கத்திலேயே சேர்க்க வேண்டும், பிறகு தரமாட்டார்கள். வருடத்துக்கு எத்தனை தடவை, ஒவ்வொரு தடவையும் நீங்கள் எவ்வளவு போட வேண்டும் என்பதைப் பாருங்கள். அறிவியல்நகரில் இருக்கிற யாழ் பல்கலைக்கழகப் பொறியியல் பீடத்துக்கோ வவுனியாப் பல்கலைக்கழகத்துக்கோ தினமும் பஸ்ஸில் போய்வருகிற மாணவருக்கு, காசு செலவழிப்பதாக இருந்தால் இதில் செலவழிக்கச் சொல்வோம். ஏ9 வீதியில் நெரிசல் பஸ்ஸில் நின்று வருகிற தோள்பையில் ஸ்கிரீன் வெடிப்பது, போட் தானாகச் சாவதைவிடப் பல மடங்கு நடக்கக்கூடியது.

மேசைக் கொம்பியூட்டருக்குச் சுருக்கமாக: பெட்டியோடு வருகிற இன்டெல், ஏஎம்டி பிராசசர்களுக்கு மூன்று வருடம், மதர்போட்டுக்குப் பெரும்பாலும் மூன்று, எஸ்எஸ்டிக்கு மூன்று முதல் ஐந்து வருடம் பாகத்தோடேயே வருகிறது. ஒவ்வொரு பாகத்தின் சீரியல் நம்பரையும் காலத்தையும் பில்லில் தனித்தனி வரியாக எழுதுவியுங்கள். பாவித்த லப்டொப்பில் கடை தருகிற மூன்று அல்லது ஆறு மாதம் போதும். அதை நீட்டக் காசு கட்டாதீர்கள்.

மிச்சம் பிடித்த 26,000 ரூபாவை எதில் போடுவது? லப்டொப்புக்கு யூபிஎஸ் அவசியமில்லை, அதற்குள்ளேயே பற்றரி இருக்கிறது. வோல்ட் துள்ளலைத் தடுக்கிற நல்ல சேர்ஜ் புரொடெக்டர் உள்ள பிளக் பலகை ஒன்று, அது வேலை செய்ய ஒழுங்கான எர்த் ஒன்று. எர்த் இல்லாத வீட்டில் எவ்வளவு விலையான புரொடெக்டரும் பாதி வேலைதான் செய்யும். வயர்மேனைக் கூப்பிட்டு எர்த் கம்பியையும் ட்ரிப் சுவிட்சையும் பார்ப்பியுங்கள். மெயினில் பொருத்துகிற, வோல்ட் கூடினால் தானாக வெட்டுகிற கருவி நியூட்ரல் கழன்றாலும் வீட்டையே காப்பாற்றும். மேசைக் கொம்பியூட்டருக்கு 650 விஏ லைன் இன்டராக்டிவ் யூபிஎஸ் போதும். அதன் 12 வோல்ட் 7 ஏஎச் பற்றரி இரண்டு, மூன்று வருடத்தில் மாற்ற வேண்டிவரும். இடி கேட்டால் சுவிட்சை அணைப்பது போதாது, பிளக்கை இழுத்துக் கழற்ற வேண்டும், லேன் வயரையும். கரண்ட் போனால் சார்ஜரைக் கழற்றி, வந்து இரண்டு மூன்று நிமிடம் போன பிறகு போடுங்கள். வெளி ஹாட் டிஸ்க் ஒன்றும் வாங்குங்கள்: எந்த வொரண்டியும் உள்ளே இருக்கிற பாடக்குறிப்பையும் படத்தையும் காப்பதில்லை.

நீடிப்பு வாங்கினாலும் வாங்காவிட்டாலும், முதல் வருடத்தின் 11ஆம் மாதத்தில் மெஷினை முழுதாகச் சோதிக்க வேண்டும். 350 நாள் கணக்கில் அதுதான் கடைசி வாய்ப்பு. மெஷினை ஓன் பண்ணும்போது, டெல் என்றால் எஃப் 12 அழுத்தி வருகிற பட்டியலில் டயக்னொஸ்டிக்ஸைத் தெரிவு செய்தால், எச்பி என்றால் எஃப் 2 அழுத்தினால், கொம்பனியின் சொந்தச் சோதனை ஓடும். எஸ்எஸ்டியின் உடல்நிலையைக் கிரிஸ்டல் டிஸ்க் இன்ஃபோ என்ற இலவச மென்பொருள் காட்டும். விண்டோஸின் பற்றரி அறிக்கையை எடுத்து இரண்டு எண்களை ஒப்பிடுங்கள்: வடிவமைத்த கொள்ளளவு 41,000, இப்போது நிறைகிறது 30,000 என்றால் 73 சதவீதம், ஒரு வருடத்துக்குள் இவ்வளவு இறங்கியது அதிகம், கேட்கலாம். டச் பேட் அழுத்தக் கடினமாகி, மூடி சரியாகப் பொருந்தாமல், மேசையில் வைத்தால் மெஷின் ஆடுகிறதென்றால் உள்ளே பற்றரி வீங்குகிறது. சார்ஜ் போடுவதை உடனே நிறுத்திக் கொண்டு போங்கள். வீங்கிய பற்றரியை அமத்தவோ குத்தவோ கூடாது.

கொடுக்கும் நாளில் நாலு பக்கமும் படம் எடுங்கள், மூலைகளையும் ஸ்கிரீனையும் கிட்டவாக. பார்சலில் உடைந்தது யாருடைய பொறுப்பு என்ற வாக்குவாதம் அந்தப் படத்தில்தான் முடியும். வெறும் பையில் பஸ்ஸில் அனுப்பாதீர்கள். பழைய பெட்டியையும் நுரைக் காப்பையும் வொரண்டி முடியும்வரை எறியாதீர்கள். விண்டோஸ் 11 பல மெஷின்களில் எஸ்எஸ்டியில் உள்ள கோப்புகளைத் தானாகவே பூட்டி வைக்கிறது. மதர்போட்டை மாற்றினால் 48 இலக்கத் திறப்பு எண்ணை அது கேட்கும். மைக்ரோசொஃப்ட் கணக்கில் அந்த எண் இருக்கிறதா என்று கொடுக்க முன் பார்த்து, கடதாசியில் எழுதி வையுங்கள். அது இல்லாவிட்டால் திருத்தி வந்த மெஷினில் உங்கள் கோப்புகளைத் திறக்க வழியே இல்லை.

வொரண்டி இருந்தும் தட்டிக்கழித்தால், முதலில் கடைக்கு எழுத்தில் கடிதம், பிறகு நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபை. 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ், தந்த உத்தரவாதத்துக்கு ஒவ்வாத பொருள் பற்றிய முறைப்பாட்டை விசாரிக்கிற அதிகாரம் அதற்கு உண்டு. 1977 என்ற இலக்கத்துக்கு அழைக்கலாம். முறைப்பாடு எழுத்தில் இருக்க வேண்டும், பில்லின் பிரதியும் வேண்டும். மாதக்கணக்கில் இழுக்காமல் உடனே போடுங்கள். பில்லின் மை வெப்பத்தில் மங்கிவிடும் தாளாக இருந்தால் வாங்கிய அன்றே படமோ போட்டோகொப்பியோ எடுத்து வையுங்கள்; ஒரு வருடம் போனால் வெள்ளைத் தாள்தான் மிஞ்சும்.

பாடசாலை, கூட்டுறவுச் சங்கம், பிரதேச சபை மாதிரி ஒரே தடவையில் பத்து, இருபது மெஷின் வாங்குகிற இடங்களுக்கு மேலே சொன்னதில் பாதி பொருந்தாது. இருபது மெஷினில் ஒன்றிரண்டு எப்படியும் பழுதாகும், கொண்டு போய்வர ஆளும் இல்லை. அங்கே அலுவலகப் பாவனைக்கென்று செய்த மொடல்களை, மூன்று வருடம் இடத்துக்கே வந்து பார்க்கிற கொம்பனி வொரண்டியோடு, விலைமனுவிலேயே கேட்டு வாங்க வேண்டும். பழுதான எஸ்எஸ்டியைத் தாமே வைத்துக்கொள்ளலாம் என்ற வரியையும் சேர்க்கச் சொல்லுங்கள். இல்லையென்றால் மாற்றிய பழைய எஸ்எஸ்டி, மாணவர் விவரத்தோடும் சம்பளப் பட்டியலோடும் கொம்பனிக்குப் போய்விடும்.